உப்பளத்துக் களிம்பு

உப்பளத்தில் வேலை பார்க்கிறவளை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, காலைப் பார்த்தால் போதும் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். இருபத்தாறு வருஷம் அரசாங்கத்தில் கிராமச் செவிலியாக இருந்த எப்சிபாவுக்கு அந்தக் கால்கள் நன்றாகப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால், பாதிரியார் சொல்கிற ஜெபத்துக்கு நடுவே அவைதான் வந்து நிற்கும். குதிகாலில் சுண்டுவிரல் நுழைகிற வெடிப்பு, வெடிப்புக்குள் வெள்ளையாக உப்பு, அதைச் சுற்றி வெந்துபோன சதை. அவளிடம் இருந்ததெல்லாம் வாசலினும் இரண்டு ஆறுதல் வார்த்தையும்தான். இரண்டும் உப்பளத்தில் அரை நாள் தாங்காது.

அதனால்தான், ஓய்வு பெற்ற பிறகு சென்னை மருந்துக் கம்பெனி ஒன்று அவளைத் தேடி வந்தபோது அவள் யோசிக்கவில்லை. கால் வலிக்குப் புதுவிதமான களிம்பு ஒன்று கண்டுபிடித்திருந்தார்கள். உப்பளப் பெண்களுக்குப் பூசி, வலி எப்படி இருக்கிறதென்று எழுதி அனுப்ப வேண்டும். ஊர்க்காரியான நர்ஸ் வேண்டும். ஆண்டவர் தாமதமாகத்தான் பதில் சொல்கிறார், ஆனாலும் சொல்லிவிடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

களிம்பைச் செய்த டாக்டர் ஆராவமுதன் முதல் நாள் தானே வந்தார். நாற்பது வயது, மெல்லிய குரல், பளபளக்கிற ஷூ. அளத்து ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையில் பெண்களை உட்கார வைத்துப் பேசினார்.

"டி.என்.ஏ-ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க."

"புள்ளைக்கு யாரு தகப்பன்னு கோர்ட்டுல பாப்பாவளே, அதா சார்?" என்றாள் பேச்சித்தாய். கூட்டத்தில் அவள் வாய்க்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள். கொட்டகை சிரித்தது.

டாக்டரும் சிரித்தார். "அதேதாம்மா. ஆனா அது கத்திரிக்கோல் வேலையும் செய்யும். இப்ப உங்க கால்ல வெடிப்பு எரியுது. அந்தச் சேதி உள்ள போறதுக்கு நரம்பு நுனியில ஒரு கதவு இருக்கு. கதவு தேய்ஞ்சு தேய்ஞ்சு போகும், உடம்பு புதுசு செஞ்சுக்கிட்டே இருக்கும். 'இப்படி ஒரு கதவு செய்'னு ஒரு சீட்டு எழுதி அனுப்பும். நாங்க செஞ்ச டி.என்.ஏ அந்தச் சீட்டைப் புடிச்சு ரெண்டா வெட்டிடும். சீட்டு போகலைன்னா கதவு குறையும். கதவு குறைஞ்சா வலியும் குறையும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "வேற சீட்டை வெட்டிப்புட்டா?"

அவள் பெயர் முப்பிடாதி. புருஷன் போய் ஒன்பது வருஷம், ஒரே மகளைச் சாத்தான்குளத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். அளத்து வேலைக்கு வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

"நல்ல கேள்வி. அதுக்கு ரெண்டு கை இருக்கு. அந்த ஒரு சீட்டுல உள்ள எழுத்துதான் அந்தக் கைக்குப் பொருந்தும். வேறதைத் தொடாது."

"கால் மரத்துப் போவுமோ?"

"போகாது. வலி பாதியாகும், அவ்வளவுதான். முள் குத்தினா தெரியும். பத்து நாள்ல கத்திரி தானா கரைஞ்சு போயிடும். மறுபடி பூசணும்."

ஒவ்வொருத்திக்கும் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பாரம். டாக்டர் அன்றே விமானம் ஏறிவிட்டார். பாரம் நிரப்புவது எப்சிபாவின் வேலை. வயசு, சர்க்கரை உண்டா, கர்ப்பமா என்று சுலபமாகப் போய்க்கொண்டிருந்தது பதினாலாவது கேள்வியில் நின்றது. வேலை முடிந்ததும் தினமும் நல்ல தண்ணீரில் கால் கழுவுகிறாரா? இல்லை என்றால் சேர்க்க வேண்டாம்.

"நல்ல தண்ணியா?" என்றாள் முப்பிடாதி. "சிஸ்டர், ரெண்டு டிரம் தண்ணி வரும். அறுவது பேரு குடிக்கணும். அதுல காலு கழுவினா கங்காணி என்னைக் கழுவிருவான். வீட்டுலயும் லாரி வந்தாத்தான். பாத்தித் தண்ணியிலேயே அலசிட்டுப் போவோம்."

பாத்தித் தண்ணீர் என்றால், உப்பு விளைந்து படிந்தபின் மேலே மிஞ்சி நிற்கிற கெட்டித் தண்ணீர். நாக்கில் வைத்தால் கசக்கும். அதில் கணுக்கால் வரை நின்றுதான் உப்பு வாருவார்கள்.

எப்சிபா பேனாவைப் பிடித்தபடி அந்தக் கால்களைப் பார்த்தாள். உண்மையை எழுதினால் ஒருத்தி கூடத் தேறமாட்டாள். கால் கழுவத் தண்ணீர் இல்லாததற்காக வலியைத் தாங்கு என்று எப்படிச் சொல்வது. 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஒன்றுக்குப் போட்டபின் மற்றதற்குக் கை தயங்கவில்லை. நாற்பத்தொரு பெண்கள், நாற்பத்தொரு டிக். அன்று இரவு ஜெபத்தில், ஆண்டவரே இது பொய்யில்லை, இரக்கம் என்று சொல்லிக்கொண்டாள். சொல்ல வேண்டியிருந்ததே ஏன் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

களிம்பு வேலை செய்தது. நாலாம் நாளே பேச்சித்தாய் பாத்தி வரப்பில் நின்று கும்மி அடித்துக் காட்டினாள். "சிஸ்டர், என் மாமியா கேக்கா, எவன் கூடட்டி சிரிச்சிக்கிட்டு வாறன்னு. என் காலு கூடன்னு சொன்னேன்." இரவில் காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்தவர்கள் நேராகப் படுத்துத் தூங்கினார்கள். எப்சிபா சேலை முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையெல்லாம் பாரத்தில் எழுத முடியாமல், 'வலி: குறைவு' என்று எழுதினாள்.

தை மாதம் தொடங்கிச் சித்திரை பாதி வரை பூசினார்கள். பிறகு ஒரு மாதம் நிறுத்தி, வலி திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தது. பத்து நாள் போனது. பதினைந்து நாள் போனது. ஒருத்திக்கும் வலி திரும்பவில்லை. எப்சிபா அப்படியே எழுதி அனுப்பினாள். ஆராவமுதன் போனில் கூப்பிட்டார்.

"மேலிடத்துல ரொம்ப சந்தோஷம் சிஸ்டர். நாங்க நெனச்சதைவிட நல்லா நிக்குது."

"எப்படி சார் நிக்குது? பத்து நாள்ல கரையும்னு சொன்னியளே."

"பாக்கணும். தோல் தடிப்பா இருக்குறதால மெதுவா கரையுதோ என்னமோ. கெட்டதில்லையே, நல்லதுதானே."

நல்லதுதான் என்று அவளும் நினைத்தாள். முப்பிடாதி இன்னும் ஒரு படி மேலே போய், இது முருகன் செயல் என்றாள். மகளுக்குப் பிள்ளை தங்கினால் திருச்செந்தூருக்கு வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்திருந்தாள். மகளுக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. இருபது வருஷக் காலை வைத்துக்கொண்டு பத்து மைல் கூட முடியாது என்று தள்ளிப் போட்டிருந்தவள், வைகாசி விசாகத்துக்குப் பச்சைச் சேலை கட்டிக் கிளம்பிவிட்டாள்.

"செருப்பாவது போட்டுக்கோ," என்றாள் எப்சிபா.

"செருப்பு போட்டு நடந்தா அது நடையா சிஸ்டர்? பஸ்ஸுலயே போயிரலாமே."

இருபத்தைந்து மைல். தார் உருகுகிற வெயில். ஓரத்தில் ஒதுங்கினால் உடைமுள். கூட நடந்தவர்கள் நிழலுக்கு நிழல் உட்கார்ந்து காலை ஊதிக்கொண்டார்கள். முப்பிடாதி ஓரிடத்திலும் உட்காரவில்லை. திரும்பி வந்து, பன்னீர் இலையில் மடித்த விபூதியை எப்சிபா கையில் கொடுத்தாள். "ஒங்க சாமி கோவிச்சுக்காதுல்லா?" என்றாள். "கோவிக்காது," என்று எப்சிபா இரண்டு கையாலும் வாங்கி, வேதப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். முப்பிடாதியின் முகத்தைப் பார்த்தாளே தவிர, காலைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் பேச்சித்தாயிடமிருந்து போன் வந்தது. குரலில் கிண்டல் இல்லை.

"சிஸ்டர், கொஞ்சம் வாங்க. முப்பிடாதி பின்னால நாய் ஒண்ணு ரெண்டு நாளா மோந்துக்கிட்டே வருது."

முப்பிடாதி கொட்டகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கால் முழுக்கத் தார் சுட்டுக் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. குதிகாலில் முள் ஒன்று ஆழமாக ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. அதைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு. அந்தக் காலோடுதான் நாலு நாளும் பாத்தியில் நின்று உப்பு வாரியிருக்கிறாள்.

"வலிக்கவே இல்ல சிஸ்டர்," என்றாள் சிரித்தபடி. உடம்பு காய்ச்சலில் கொதித்தது.

"கண்ணை மூடிக்கோ. நான் குத்தும்போது சொல்லு."

எப்சிபா ஊசியை எடுத்துக் குத்தினாள். பெருவிரலில், பாதத்தின் ஓரத்தில், கணுக்காலுக்கு மேலே. நாலாவது தடவை குத்தி எடுத்தபின் முப்பிடாதி கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"குத்துங்க சிஸ்டர். பயப்படல."

அரசு ஆஸ்பத்திரியில் அன்று மாலையே சொல்லிவிட்டார்கள், விஷம் மேலே ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் என்று. ஆராவமுதன் மறுநாள் காலை வந்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் எப்சிபா பக்கத்தில் உட்கார்ந்து, பைலைத் திறந்து புரட்டினார்.

"எனக்குப் புரியல சிஸ்டர். பூசுறதை நிறுத்தி நாப்பது நாளாச்சு. கத்திரி இருக்கவே கூடாது. இருந்தாலும் இப்படி மொத்தமா மரத்துப் போகாது." பைலில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "அந்தக் கத்திரிக்கு மக்னீசியம்னு ஒரு சத்து வேணும். கொஞ்சம் இருந்தா கொஞ்சம் வெட்டும். நெறைய இருந்தா வெறி புடிச்ச மாதிரி வெட்டும், மடிஞ்சு கெட்டியாகிக் கரையாமலும் நிக்கும். ஒடம்புக்குள்ள இருக்கிறது கொஞ்சந்தான். அந்த அளவுக்குத்தான் நாங்க செஞ்சோம். வெளியில இருந்து வர வழியில்லையே. வேலை முடிஞ்சதும் எல்லாரும் நல்ல தண்ணியில கழுவுறாங்க. நீங்களே எழுதியிருக்கீங்க."

எப்சிபா அவர் பக்கம் திரும்பினாள். "உப்பு எடுத்த பிறகு மிஞ்சுற தண்ணியில என்ன சார் இருக்கும்?"

"எந்தத் தண்ணி?"

"பாத்தித் தண்ணி. கசக்கும். அதுலதான் நாள் பூரா நிப்பாங்க."

ஆராவமுதன் பைலை மூடினார். "முழுக்க அதுதான் சிஸ்டர். மக்னீசியந்தான் கசக்கும்."

உள்ளே வெட்டிக்கொண்டிருந்தார்கள். எப்சிபா உண்மையைச் சொல்லத்தான் போகிறாள் என்று அளத்துப் பெண்களுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் பேச்சித்தாய் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தாள். "நீங்க பாரத்துல மாத்தி எழுதினது எங்களுக்குத் தெரியும் சிஸ்டர். எங்களுக்காகத்தான எழுதினிய. அதச் சொல்லிராதிய. சொன்னா நிப்பாட்டிருவாவ. முப்பிடாதி காலு போனது போனதுதான். எங்க தூக்கத்தையும் ஏன் பறிக்கிய?" அப்படிச் சொன்னவள் கண்ணில் பயம் இருந்தது. அது வலியைப் பற்றிய பயம். போன வலி திரும்பாது என்று தெரிந்திருந்தால் அவள் அப்படிக் கெஞ்சியிருக்க மாட்டாள்.

எப்சிபா சொன்னாள். "நாப்பத்தொரு பேருக்கும் நான்தான் டிக் போட்டேன் சார். அத்தனையும் பொய். அங்க நல்ல தண்ணி கிடையாது."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. "அந்தக் கேள்வி எதுக்குன்னு நான் உங்ககிட்ட சொன்னேனா?"

"இல்ல."

"நானும் கேக்கல. அன்னைக்குக் கொட்டகையில இருந்து பாத்தி நூறடி. ஷூ நனையும்னு போகலை." தலையைக் குனிந்துகொண்டார். "போயிருந்தா, அந்தத் தண்ணியைப் பாத்திருந்தா, கேட்டிருப்பேன்."

இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தர் கேள்வியைச் சென்னையில் உட்கார்ந்து எழுதினார். ஒருத்தி பதிலைத் தன் மனசிலிருந்து எழுதினாள். முப்பிடாதியின் கால் இரண்டுக்கும் நடுவில் நின்றது. எப்சிபாவுக்கு வேறொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இரக்கப்பட்டவள் தினமும் இரண்டு கேன் நல்ல தண்ணீர் ஆட்டோவில் கொண்டுபோய் அந்தக் கால்களில் ஊற்றியிருக்கலாம். ஆட்டோக்காரர் அவள் சபைக்காரர்தான், கேட்டால் மாட்டேன் என்றிருக்க மாட்டார். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. டிக் போடுவது அவ்வளவு சுலபமாக இருந்தது.

களிம்பை நிறுத்தினார்கள். பெண்களிடம் சொன்னார்கள், ஏற்கெனவே உள்ளே போனது கரைய இன்னும் நாலைந்து மாதம் ஆகலாம் என்று. அளத்தை விட்டு நாலைந்து மாதம் வெளியே இருக்க அவர்களால் முடியாது. எப்சிபா தினமும் மத்தியானம் தண்ணீர்க் கேனோடு போய் இறங்கினாள். முதல் வாரம் பேச்சித்தாய் அவளோடு பேசவில்லை. முகத்தைத் திருப்பியபடி காலை மட்டும் நீட்டினாள். எப்சிபா ஊற்றிக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஈரம் துடைத்து விட்டாள். எட்டாம் நாள் பேச்சித்தாய் தன் கால் முடிந்ததும் எழுந்து போகாமல், அடுத்தவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, காட்டு. ஒனக்குத்தான் தெரியாதே, நான் பாத்துச் சொல்லுதேன்."

அன்றிலிருந்து ஒருத்தி காலை ஒருத்தி பார்த்தாள். கண்ணாடித் துண்டு ஒன்று, இரண்டு முள், ஒரு ஆணி, எல்லாம் அன்றன்றைக்கே கண்டுபிடித்து எடுக்கப்பட்டன. மீதி நாற்பது பேரில் யாருக்கும் கால் போகவில்லை. மருந்து செய்த பெரிய கெட்டிக்காரத்தனத்துக்கு நடுவே, இதை யாரும் எந்தப் பாரத்திலும் கேட்கவில்லை.

ஆடி மாதம் ஆராவமுதன் போன் செய்தார். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்.

"ஏன் சார்?"

"நீங்க சொன்ன உண்மையை நான் அறிக்கையா எழுதிக் கொடுத்தேன் சிஸ்டர். நிறுத்திடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க அதைக் கண்டுபிடிப்பா எடுத்துக்கிட்டாங்க. மக்னீசியத்தையும் சேர்த்தே களிம்பு பண்றாங்க இப்ப. ஒரு தடவை பூசினா ஒரு வருஷம். அளத்து முதலாளிங்க, செங்கல் சூளைக்காரங்க, இப்பவே கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. வலி இல்லாத ஆள் ரெண்டு மணி நேரம் கூட வேலை செய்வான்ல." கொஞ்சம் நிறுத்தி, "உங்க பேரைக் கூட நன்றின்னு போட்டிருக்காங்க," என்றார்.

எப்சிபா போனைக் காதிலிருந்து இறக்கினாள். அப்போது அவள் முப்பிடாதி வீட்டு வாசலில் நின்றிருந்தாள்.

உள்ளே முப்பிடாதி பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே சேலை தட்டையாகக் கிடந்தது. மகள் சாத்தான்குளத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம். முப்பிடாதி குரலைத் தாழ்த்தினாள்.

"சிஸ்டர், ஒண்ணு சொல்லுதேன். சிரிக்கக் கூடாது. மககிட்ட சொன்னா பயப்படுவா."

"சொல்லு."

"காலு வலிக்கு."

"இந்தக் காலா?" எப்சிபா இருக்கிற காலைத் தொட்டாள்.

"அது இல்ல. போன காலு. குதிகாலு வெடிப்பு எரியுது. முள்ளு ஏறின எடம் கடுக்கு. ராத்திரி பூரா. கூட இருந்தப்ப அஞ்சு மாசம் வாயைத் தொறக்கல. இப்ப இல்லாதப்ப வந்து எல்லாத்தையும் சொல்லுது." சிரிக்க முயன்றாள். "அந்தக் களிம்பு கொஞ்சம் கெடைக்குமா?"

கையில் போன் இன்னும் துண்டிக்காமல் இருந்தது. எப்சிபா அதைக் காதில் வைத்து, வெட்டி எடுத்த கால் வலிக்கு அந்தக் களிம்பு உதவுமா என்று கேட்டாள்.

"பூசறதுக்குத் தோல் வேணுமே சிஸ்டர்," என்றார் ஆராவமுதன். "அங்க வெட்டறதுக்கு எந்தச் சீட்டும் இல்ல. அந்த வலி இப்ப கால்ல இருந்து வரலை."

எப்சிபா போனை வைத்தாள். பாயில் உட்கார்ந்து, தட்டையாகக் கிடந்த சேலையைத் தள்ளி, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கையைக் குவித்து வைத்தாள். பிறகு, ஒன்றுமில்லாத அந்த இடத்தை மெதுவாக நீவ ஆரம்பித்தாள்.

முப்பிடாதி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடினாள்.

"அங்க இல்ல சிஸ்டர்," என்றாள். "இன்னும் கொஞ்சம் கீழ."

எப்சிபா கையை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினாள்.